சொட்டு அட்டோமைசர்: முதன்முறை தெரிவு செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மின்னணுப் பொருட்கள் திருத்தும் மேசை ஒன்றை வைத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இலண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வருகிறவர்கள், யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் முன் இரண்டு நாள் கொழும்பில் தங்குவார்கள். தொலைபேசித் திரை மாற்ற வரும் அவர்களில் சிலர் பையில் இருந்து வேப் கருவியையும், அதாவது மின்சிகரெட்டையும், எடுத்து வைத்து, "அண்ணை, இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில், சிகரெட்டை விடுவதற்காக நானும் சில ஆண்டுகள் இதைப் பாவித்தவன். ஆகவே அவர்கள் கேட்பவற்றுக்கு ஓரளவு பதில் தெரியும். மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொட்டு அட்டோமைசர் என்றால் என்ன?

வேப் கருவியின் மேற்பகுதியில், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகமே அட்டோமைசர். சாதாரண வகையில் திரவத்துக்கு ஒரு தொட்டியும், கடையில் வாங்கி மாற்றும் ஆயத்தக் கொயிலும், அதாவது சூடாகும் கம்பிச் சுருளும், இருக்கும். சொட்டு வகையில், அதாவது ஆர்.டி.ஏ. என்று சொல்லப்படுவதில், இவை இரண்டும் இல்லை. ஒரு சிறிய உலோகத் தளம், அதில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் தூண்கள், சுற்றிலும் ஆழமற்ற ஒரு கிண்ணம், மேலே ஒரு மூடி, வாய்முனை ஆகியவை மட்டுமே உண்டு. கம்பியை நீங்களே சுற்றி, திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சை நீங்களே நுழைத்து, சில இழுப்புகளுக்கு ஒரு தடவை திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பெயரின் காரணமும் அதுதான்.

இலங்கையில் இதை வாங்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாப் பதில்களும் அரைகுறையாகிவிடும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016 இல் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்கின்றன. ஆகையால் புறக்கோட்டையில் யாராவது மேசைக்குக் கீழே இருந்து எடுத்துக் காட்டுகிற பொருளுக்குப் பற்றுச்சீட்டும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் விற்பதும் இல்லை, வாங்கித் தருவதும் இல்லை. இவை சட்டப்படி விற்கப்படும் நாட்டில் வாழ்கிற, ஏற்கெனவே வேப் பாவிக்கிற வயதுவந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இதுவரை புகைக்காதவர் தொடங்கலாமா?

வேண்டாம். நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள். இல்லாத ஒரு பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. சிகரெட்டை விடப் பார்ப்பவர்களின் கதை வேறு: எரியும் புகையிலையின் தாரும் காபனோரொட்சைட்டும் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் தீங்கு குறைவு என்பதை தீங்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொட்டி வகை இருக்கும்போது இதை ஏன் தெரிவு செய்ய வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. வாகனம் ஓட்டிக்கொண்டோ அலுவலகத்துக்கு நடந்துகொண்டோ பாவிக்கக்கூடிய பொருள் இது அல்ல. சற்றுச் சரித்துப் பிடித்தாலே திரவம் காற்றுத்துளை வழியாகக் கையில் வடியும். இதை விரும்புகிறவர்கள் இரண்டு காரணங்களுக்காக விரும்புகிறார்கள். ஒன்று, திரவத்துக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு என்பதால் சுவை தெளிவாகத் தெரியும். மற்றது, சில ஆயத்தக் கொயில்களின் விலையில் பல மாதங்களுக்குப் போதுமான கம்பியையும் பஞ்சையும் வாங்கிவிடலாம். கைவேலையில் ஆர்வம் இல்லாதவருக்கு இந்த இரண்டாவது காரணம் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது.

முதல் அட்டோமைசரில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தளத்தை. விளம்பரப் படங்களில் மூடியின் நிறமும் செதுக்கலும் காட்டப்படும். ஆனால் நீங்கள் உட்கார்ந்து மல்லுக்கட்டப் போவது உள்ளே இருக்கும் தளத்தோடுதான். மூடியைக் கழற்றித் தளத்தைக் காட்டாத படத்தைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம்.

பழைய மாதிரிகளில் மூன்று தூண்கள் நிற்கும். நடுத்தூணில் இருக்கும் ஒரே துளைக்குள் இரண்டு கொயில்களின் கால்களையும் ஒன்றாக நுழைத்துத் திருகாணியை இறுக்க வேண்டும். ஒன்றை நுழைக்கும்போது மற்றது கழன்று விழும். புதியவரின் பொறுமையைச் சோதிப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பின்னர் வந்த வெலோசிற்றி வகைத் தளத்தில் இரண்டு தூண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள், ஒவ்வொரு துளைக்கும் தனித் திருகாணி என்று அமைந்ததால், ஒரு காலை இறுக்கிவிட்டு நிதானமாக அடுத்ததற்குப் போகலாம். தூணே இல்லாத தளமும் உண்டு. அதில் கம்பிக்கால்களை முன்கூட்டியே ஒரே அளவாக வெட்டிக் கீழே உள்ள துளைகளில் இறக்க வேண்டும், அளவு ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் கொயில் கோணலாக நிற்கும். தகடு வந்து கம்பியை அமுக்கிப் பிடிக்கும் வகையில் கம்பியைத் துளைக்குள் தேடி நுழைக்க வேண்டியதே இல்லை. பக்கவாட்டில் வைத்து இறுக்கினால் போதும். முதன்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது, ஒற்றைக் கொயிலுக்கான தகட்டு வகை. அது கிடைக்காவிட்டால் வெலோசிற்றி வகை.

திருகாணித் தலையையும் பாருங்கள். அது மெல்லிய உலோகத்தில் இருந்தால் இரண்டாவது மாதமே வழுக்கத் தொடங்கும். மேலதிகத் திருகாணிகளும் ரப்பர் வளையங்களும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒரு கொயிலா, இரண்டா?

ஒன்று. இரண்டு கொயில் வைத்தால் அவை ஒரே நேரத்தில் ஒரே அளவில் சூடாக வேண்டும், திரவம் இரட்டிப்பாகச் செலவாகும், பற்றரியும் விரைவில் இறங்கும். தடை வேறு பாதியாகிவிடும்: 1 ஓம் கொயில்கள் இரண்டைச் சமாந்தரமாக வைத்தால் 0.5 ஓம். பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

காற்றுத்துளை எங்கே இருக்க வேண்டும்?

கொயிலுக்கு நேர் கீழே இருந்து காற்று வந்தால் சுவை நன்றாக இருக்கும் என்பார்கள், அது சரியும்கூட. ஆனால் திரவத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் அது அந்த வழியாகவே கீழே இறங்கிக் கருவியின் இணைப்புக்குள் போய்விடும். எத்தனை சொட்டு விட வேண்டும் என்ற கைப்பழக்கம் வரும்வரை, துளை பக்கச்சுவரில் சற்று உயரமாக இருப்பதும், கிண்ணம் ஆழமாக இருப்பதுமே நிம்மதி. மூடியைத் திருப்பித் துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடிய வேண்டும்; திருப்பும்போது மூடி ஆடக் கூடாது.

22 மில்லிமீற்றர், 24 மில்லிமீற்றர் என்பவை எவை?

அடிப்பகுதியின் விட்டம். ஒற்றைக் கொயிலுக்கு 22 தாராளம். கருவியின் மேற்பரப்பை விட அகலமாக இருந்தால் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், வேறு குறை இல்லை. இணைப்பு ஏறத்தாழ எல்லாவற்றிலும் 510 என்ற திருகுபுரிதான். பழைய மாதிரி ஒன்றின் இலக்கம், அந்த மாதிரி மறைந்த பின்னும் இணைப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

எந்தக் கருவியின் மேல் இதைப் பொருத்த வேண்டும்?

கணினிச் சில்லு உள்ள, தடையை அளந்து திரையில் காட்டுகிற, குறுஞ்சுற்று ஏற்பட்டால் தானே நின்றுவிடுகிற மொட்டின் மேல், அதாவது பற்றரியும் பொத்தானும் இருக்கும் அடிப்பாகத்தின் மேல். இயந்திர மொட் எனப்படும் வெறும் உலோகக் குழாயின் மேல் அல்ல. அந்தக் குழாயில் பற்றரிக்கும் கொயிலுக்கும் இடையில் ஒரு பொத்தானைத் தவிர வேறொன்றும் கிடையாது. பிழை நேர்ந்தால் தடுத்து நிறுத்த உள்ளே யாரும் இல்லை.

ஒருமுறை இளைஞர் ஒருவர் செப்புக் குழாய் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கைக்குட்டை எதற்கு என்று கேட்டேன். சுடுகிறது, அதனால்தான் என்றார். கழற்றிப் பார்த்தால், அட்டோமைசரின் அடியில் நடுவில் இருக்க வேண்டிய நேர்முனை ஊசி, சுற்றியுள்ள திருகுபுரியோடு ஒரே மட்டத்தில் இருந்தது. அந்தக் குழாயில் பற்றரியின் தலை நேரடியாக அட்டோமைசரைத் தொடும் என்பதால், ஊசி தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் பற்றரியின் நேர்முனை ஊசியையும் வெளிப்புரியையும் ஒருங்கே தொட்டுக் குறுஞ்சுற்றாகிவிடும். அவருடைய பற்றரியின் உறை ஓரத்தில் பழுப்பாகி உருகியிருந்தது. காற்றுப் போக்கும் துளைகள் இருந்தபடியால் அது கையில் வெடிக்காமல் தப்பினார். அந்தப் பற்றரியை மணல் நிரப்பிய ரின்னுக்குள் வைத்துவிட்டு அன்று முழுவதும் அதன் மேலேயே ஒரு கண்ணை வைத்திருந்தேன்.

ஆகவே, எந்த அட்டோமைசரை வாங்கினாலும் அடியைத் திருப்பி ஊசியைப் பாருங்கள். கீழிருந்து திரவம் ஏற்றும் மொட்டுக்காக நடுவில் துளையிட்ட ஊசியும் சிலவற்றோடு வரும். அந்த வகை மொட் இல்லாதவர் சாதாரண ஊசியையே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரவம் அந்தத் துளை வழியாக மொட்டுக்குள் இறங்கும்.

கொயிலின் தடையை எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு பாதுகாப்பானது?

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஓமின் விதி இங்கேதான் கைகொடுக்கிறது. மின்னோட்டம் என்பது வோல்ற்றளவைத் தடையால் வகுத்து வருவது. முழுமையாக ஏற்றிய லிதியம் பற்றரி 4.2 வோல்ற்று. சில்லு இல்லாத குழாயில் 0.5 ஓம் கொயில் வைத்தால் 8.4 அம்பியர், ஏறத்தாழ 35 வாற்று. 0.15 ஓம் வைத்தால் 28 அம்பியர்; சந்தையில் உள்ள பல நல்ல பற்றரிகளின் எல்லையை அது தாண்டிவிடும். 0.1 ஓம் என்றால் 42.

சில்லு உள்ள மொட்டில் கணக்கு மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே பற்றரியில் இருந்து இழுக்கப்படும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது கொயிலின் தடை அல்ல, நீங்கள் வைத்த வாற்று அளவு. பற்றரி இறங்க இறங்க அதே வாற்றுக்காக மொட் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 40 வாற்றை 3.2 வோல்ற்றால் வகுத்தால் 12.5, சில்லின் இழப்பைப் பத்து வீதம் என்று சேர்த்தால் ஏறக்குறைய 14 அம்பியர். 20 அம்பியர் தாங்கும் பற்றரிக்கு இது வசதியான எல்லை. ஒற்றைப் பற்றரி மொட்டில் முதல் மாதங்களை 40 வாற்றுக்குக் கீழேயே கழிக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கொயிலைப் பொருத்தியவுடன் திரை காட்டும் தடையைப் பாருங்கள். எதிர்பார்த்த அளவில் இருந்து வெகுவாக விலகினாலோ, தொட்டால் ஏறி இறங்கினாலோ, திருகாணி தளர்ந்திருக்கிறது அல்லது கம்பிக்கால் மூடியில் முட்டுகிறது.

எந்தக் கம்பி, எத்தனை சுற்று?

கந்தால், 26 ஆம் இலக்கத் தடிப்பு. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த இந்தக் கம்பி விறைப்பானது, சுற்றிய வடிவத்தில் நிற்கும், விலையும் குறைவு. அதன் தடை சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.11 ஓம். 3 மில்லிமீற்றர் கோலில் 6 சுற்றுச் சுற்றினால், கால்களையும் சேர்த்து 0.8 ஓமை ஒட்டி வரும். 8 சுற்றானால் 1 ஓமைச் சற்றுத் தாண்டும். நிக்கல் கலந்த நிக்ரோம் விரைவாகச் சூடாகும், ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தூய நிக்கல், தைற்றானியம் ஆகிய இரண்டும் வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கானவை. புதியவர் அவற்றை வாங்கவே வேண்டாம்.

பொருத்திய பின், பஞ்சு வைக்காமல், 10 அல்லது 15 வாற்றில் சிறிது சிறிதாக அழுத்திப் பார்க்க வேண்டும். செந்நிறம் நடுவில் தொடங்கி இரு பக்கமும் சமமாகப் பரவினால் சரி. ஒரு சுற்று மட்டும் தனியாக ஒளிர்ந்தால் பீங்கான் சாவணத்தால் மெதுவாக நெருக்கிவிடுங்கள். உலோகச் சாவணத்தோடு பொத்தானை அழுத்தினால் அந்தச் சாவணமே குறுஞ்சுற்றாகிவிடும்.

பஞ்சு வைக்கும்போது ஒவ்வொரு முறையும் எரிந்த சுவை வருகிறது. என்ன பிழை?

கார்த்திகை விளக்குக்குத் திரி திரித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இறுக்கித் திரித்த திரி எண்ணெயை உறிஞ்சாது, தலை கருகும். தளர்வாகத் திரித்தால் எண்ணெய் ஓடி வரும், ஆனால் சொட்டும். இங்கேயும் அதே விதிதான். பஞ்சைக் கொயிலுக்குள் இழுக்கும்போது கொயில் அதனோடு சேர்ந்து இலேசாக அசைய வேண்டும், ஆனால் வளையக் கூடாது. அதுவே அளவு. பிறகு இரு பக்க வால்களையும் தளத்தின் விளிம்பு அளவுக்கு வெட்டி, ஊசிமுனையால் சற்றுக் கோதிவிட்டு, கிண்ணத்தின் அடியைத் தொடும்படி படுக்க வைக்க வேண்டும், திணிக்கக் கூடாது.

நான் முதன்முதலில் வைத்த பஞ்சு, தலையணைக்கு அடைத்ததைப் போல இருந்தது. திரவத்தை விட்டுவிட்டுப் பத்து விநாடிகூடப் பொறுக்காமல் இழுத்தேன். தொண்டையில் இறங்கிய அந்தக் கருகலை மறக்க ஒரு கிழமை சென்றது. காய்ந்த பஞ்சை இழுப்பது சுவைக்கேடு மட்டும் அல்ல: அளவுக்கு மீறிச் சூடாகும் திரவத்தில் இருந்து போமல்டிகைட்டு போன்றவை உருவாகின்றன. சுவை மங்கினால் உடனே சொட்டு விடுங்கள், கருகினால் பஞ்சை மாற்றுங்கள். வெளுக்காத பருத்திப் பஞ்சு நல்லது. மருந்தகத்தில் விற்கும் வாசனையூட்டிய அலங்காரப் பஞ்சு வேண்டாம்.

பற்றரியில் போலி எது என்று எப்படி அறிவது?

18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளைப் பற்றரி. அதன் உறையில் 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் அவ்வளவு கொள்ளளவை அடக்கும் தொழில்நுட்பம் சந்தையில் இல்லை. இந்த வேலைக்கு வேண்டிய, மின்னோட்டம் தாங்கும் பற்றரிகள் பெரும்பாலும் 2500 முதல் 3000 வரையில்தான் நிற்கும். மடிக்கணினிப் பொதியில் இருந்து பிரித்தெடுத்தவற்றைப் பாவிக்கவே கூடாது.

பற்றரியின் முழு உலோக உடலும் எதிர்முனை என்பதால், நேர்முனையைச் சுற்றி உறை கிழிந்தால் ஆபத்து. கிழிந்த உறையை மாற்றலாம், மாற்றும்வரை பாவிக்கக் கூடாது. திறப்பும் சில்லறையும் கிடக்கும் காற்சட்டைப் பைக்குள் பற்றரியைப் போடுவதைவிட அதிகத் தீக்காயங்களுக்குக் காரணமான பழக்கம் இதில் இல்லை என்று நினைக்கிறேன். இருபது ரூபாய்ப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று போதும் இதைத் தடுக்க, இப்போது இருபது ரூபாய்க்கு எதுவும் வராது என்றாலும்.

எந்தத் திரவம்?

சொட்டு வகை ஒரு இழுப்பில் அதிக ஆவியைத் தரும். எனவே நிக்கொட்டின் அளவு குறைவாக, மில்லிலீற்றருக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். சிறிய பொட் கருவிகளுக்காக விற்கப்படும் 20 மில்லிகிராம் நிக்கொட்டின் உப்புத் திரவத்தை இதில் விட்டால் தலைசுற்றலும் குமட்டலும் உறுதி. இங்கிலாந்தில் நிக்கொட்டின் இல்லாத 50 மில்லிலீற்றர் போத்தலில், 18 மில்லிகிராம் வலிமையுள்ள 10 மில்லிலீற்றர் சிறுபோத்தலைக் கலப்பார்கள். 180 மில்லிகிராமை 60 மில்லிலீற்றரால் வகுத்தால் 3. காய்கறிக் கிளிசரின் 70 வீதம் உள்ள தடித்த திரவம் இதற்குப் பொருந்தும், கிண்ணத்தில் இருந்து இலகுவில் ஓடாது.

எண்ணெய் எதையும் விடக் கூடாது. சமையல் எசன்ஸ், நீலகிரித் தைலம், கஞ்சா எண்ணெய், எதுவாயினும். 2019 இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாத் திரவங்களில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற்று என்ற எண்ணெய்ப்பசைப் பொருளோடு அது வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது.

போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும். கையில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

பயணத்தில் கொண்டுபோகலாமா?

பற்றரியும் கருவியும் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போட விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம் வழியில் உள்ள நாடுகள். சிங்கப்பூரில் 2018 இல் இருந்து வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, கொண்டுசெல்லல் ஆகியவற்றைத் தடைசெய்கிறது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைப்பவர் இதை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

எப்படிச் சுத்தம் செய்வது?

தளத்தைக் கழற்றி, ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டு, வெந்நீரில் கழுவி முழுமையாக உலர விடுங்கள். காலி வீதியில் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் விரைவில் கறுக்க வைக்கும். கறையில் உருக்கில் செய்த அட்டோமைசரே எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம். ஊசியின் நுனியை மாதம் ஒருமுறை பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள். என்னிடம் "வேலை செய்யுதில்லை" என்று கொண்டுவரப்படுபவற்றில் பாதிக்கு அந்தத் துடைப்பே வைத்தியமாக இருந்திருக்கிறது, அதற்கு நான் காசு வாங்குவதில்லை.